எலும்பு வெயிலுக்கு ஒரு பாராட்டு விழா

மலையடிவாரத் தமிழ் இலக்கியப் பேரவை ஒரு சாத்வீகமான அமைப்பு. அதன் முதல் விதியே அதுதான். அந்த விதியை நிறைவேற்றிய கூட்டத்தில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஒருவருக்கு முன்பல் போனது. மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்பதில் சின்னதாக ஒரு கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். பல்லை இழந்தவர் போடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த பலவேசம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறியவர், வாய் ஆறுவதற்குள் மலையடிவாரத் தமிழ் இலக்கியப் பெருமன்றம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதற்கும் முதல் விதி சாத்வீகம்தான்.

இரண்டு அமைப்புக்கும் மைக் செட் கட்டுகிற ஆள் ஒருவன்தான். அனுமந்தன்பட்டி அம்மாவாசி. வீரபாண்டித் திருவிழாவிலிருந்து காதுகுத்து வரைக்கும் கட்டுவான். காதுகுத்தில் பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இலக்கியக் கூட்டத்தில் அப்படி முடியாது. பேசுகிறவர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கைக் கடிக்கிற மாதிரி நெருங்குவார், ஆம்ப்ளிஃபயர் கீச்சென்று கத்தும், யாராவது அதன் காதைத் திருக வேண்டும். அதனால் கூட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை எல்லாப் பேச்சையும் கேட்டவன் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அம்மாவாசி மட்டும்தான். பேசியவர்கள்கூடத் தங்கள் பேச்சு முடிந்ததும் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் ‘எலும்பு வெயில்’ நாவல் வெளிவந்தது. எழுதியவர் ஊழிச்செல்வன். இயற்பெயர் செல்லப்பாண்டி. அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் பிறர் எழுதியதில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். உலகம் அழிந்த பிறகு நம் பள்ளத்தாக்கில் என்ன நடக்கும் என்பதுதான் கதை. மழை நின்று, முல்லையாறு வறண்டு, மிச்சமிருக்கிற மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டித் தின்கிறார்கள். சென்னையில் பாராட்டினார்கள். கோயம்புத்தூரில் பாராட்டினார்கள். ஒரு பேராசிரியர் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே மேடையில் மயங்கி விழுந்தார் என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது.

அச்சுக் கூலி கொடுத்துப் புத்தகத்தைப் போட்டதே பேரவைதான். விடுமா? தலைவர் பாண்டீஸ்வரன் ஊர் ஊராகப் பாராட்டுக் கூட்டம் போட்டார். அவருக்கு உத்தமபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியும் பக்கத்திலேயே ஒரு செங்கல் சூளையும் உண்டு. சூளையில் வேலை செய்கிறவர்கள்தான் பேரவையின் வாசகர் வட்டம். லாரியில் வந்து இறங்குவார்கள். தலைவர் தோள் துண்டை இடப்பக்கம் மாற்றிப் போட்டால் கைதட்ட வேண்டும். வலப்பக்கம் மாற்றினால் நிறுத்த வேண்டும். முடிவில் பிரியாணிப் பொட்டலம்.

தேவதானப்பட்டிக் கூட்டத்தில் தலைவர் பேசியதை அம்மாவாசி வரி தப்பாமல் சொல்வான்.

“அன்பர்களே! இந்த நாவலைக் கையில் எடுத்தேன். முதல் வரியிலேயே எனக்கு மூச்சடைத்துவிட்டது. மருத்துவரிடம் ஓடினேன். ஐயா, இரண்டாவது வரியைப் படித்தால் உங்கள் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அன்று மூடியவன் இன்றுவரை திறக்கவில்லை. ஒரு நாவலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

துண்டு இடப்பக்கம் போனது. கைதட்டல் மழை.

அடுத்துப் பேசிய பொருளாளர், இது வாசிக்கிற நாவல் இல்லை, வணங்குகிற நாவல் என்றார். தன் வீட்டுப் பூஜை அறையில் வைத்துத் தினமும் சூடம் காட்டுவதாகவும், அதற்குப் பிறகு மூட்டுவலி குறைந்திருப்பதாகவும் சொன்னார். கடைசியாக ஆசிரியர் ஏற்புரை. “என் நாவலில் வரும் வெட்டு, வெட்டு அல்ல. குத்து, குத்து அல்ல. அகிம்சையைத் தேடி அரிவாள் செல்லும் பயணம்!”

இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கேட்டால் கல்லும் கரையாதா? அம்மாவாசிக்கும் ஆசை வந்துவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை விடாமல் படிக்கிற ஆள்தான் அவன். அரைச் செங்கல் கனத்தில் இருந்த அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினான். பேரவைக் கூட்டத்தில் காசுக்கு விற்ற முதல் பிரதி அது என்பதால் விற்கிறவருக்குச் சில்லறை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆரம்பம் அவனை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு கைப்பிள்ளைக்காரி, இடுப்பில் பிள்ளையும் தலையில் ஒரு குடம் தண்ணீரும் வைத்துக்கொண்டு, சுருளியிலிருந்து வறண்ட ஆற்றோடு நடந்து வருகிறாள். வீரபாண்டி அம்மன் வாசலில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் மழை வரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை தாகத்துக்கு அழுகிறது. குடத்தில் கை வைக்க மாட்டேன் என்கிறாள். அப்புறம் ஒரு சொட்டு விரலில் தொட்டு வைக்கிறாள். அம்மாவாசி தன் மைக் செட் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே அழுதுவிட்டான். சாப்பாட்டுத் தூக்குவாளி அப்படியே கிடந்தது. கம்பம் தாண்டி, அவள் அனுமந்தன்பட்டிக்கே வந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். அம்மாவாசி தலையை நிமிர்த்தி, கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டான்.

பக்கத்தைத் திருப்பினால் அவள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வெட்டு ஆரம்பித்தது. கூடலூர்க்காரர்கள் சின்னமனூர்க்காரர்களை வெட்டினார்கள், சின்னமனூர்க்காரர்கள் கூடலூர்க்காரர்களைத் தின்றார்கள். தலை உருண்டது, குடல் சரிந்தது, யாரோ யாருடைய கண்ணையோ தோண்டினார்கள். அவள் அடுத்த அத்தியாயத்தில் வருவாள், அதற்கடுத்ததில் வருவாள் என்று ரத்தத்தில் முழங்கால் அளவு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தான் அம்மாவாசி. கடைசிப் பக்கத்தில் உயிரோடிருந்த எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுந்து செத்தார்கள். முற்றும்.

அவனுக்கு வந்தது கோபம்கூட இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டு இலை போட்டு உட்காரவைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தினமும் கடையைத் திறக்கும்போது எதிரே இருக்கிற மரத்தடியைப் பார்ப்பான். பிள்ளையோடு ஒருத்தியை அங்கே உட்காரவைத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்களே என்று வயிறு எரியும்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாத காரணமும் இருந்தது. அவன் மனைவி முத்துலட்சுமி பாண்டீஸ்வரனின் பள்ளியில்தான் டீச்சர். கல்யாணமான வருடத்திலிருந்து தற்காலிகம். வருடா வருடம் கோடை விடுமுறையில் வேலையை விட்டு நிறுத்தி, ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இந்த முறை நிரந்தர ஆர்டர் கொடுப்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆபீஸில் கொடுத்தால் நாலு பேருக்குத் தெரியாது என்பதால், தேனியில் நடக்கப்போகிற மாபெரும் பாராட்டு விழா மேடையில், நாவலாசிரியர் கையால் கொடுப்பது என்று ஏற்பாடு.

விழா நாளன்று கல்யாண மண்டபம் கொள்ளாத கூட்டம். சூளை லாரி மூன்று நடை அடித்திருந்தது. ஊருக்கே கேட்க வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டதால், பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தான் அம்மாவாசி. முத்துலட்சுமி முதல் வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் தட்டில் ஆர்டர் கவர் இருந்தது. அவள் கண் அதிலேயே இருந்தது.

வந்த பிரமுகர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிற நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதற்கு அரைமணி நேரமாவது ஆகும். அம்மாவாசி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை மைக்கைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். மாலை கட்டிக் கொண்டுவந்த பூக்காரக் கஸ்தூரியம்மாள் கூடையை இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏப்பா அம்மாவாசி, இந்த ஒரு புத்தகத்துக்கு மாலை கட்டியே என் விரலு தேஞ்சு போச்சு. நீ படிச்சிட்டயாம்ல? எப்புடித்தேன் இருக்கு?”

அவள் கேட்டது அன்பாகத்தான். பல மாதமாக நெஞ்சில் கிடந்தது அவனுக்கு வாய்வழியே வந்துவிட்டது.

“அத ஏன்க்கா கேக்குறீக. ஏமாத்திப்புட்டாக. ஆரம்பம் அம்புட்டு நல்லாருந்துச்சு. ஒரு கைப்பிள்ளக்காரி சுருளியில இருந்து நடந்து வந்து எங்கூரு புளியமரத்துக்கிட்ட உக்கார்றா. அம்புட்டுத்தேன். அதுக்குப் பெறகு அவ இருக்காளா செத்தாளான்னு ஒரு வரி கெடையாது. மிச்சம் பூராம் வெட்டுறாக, அறுக்குறாக, திங்கிறாக. அறுத்தறுத்து எழுதுனவருக்கே சடஞ்சு போயி, கடைசியில எல்லாரையும் ஒரே பள்ளத்துல தள்ளி மூடிட்டாரு.”

“அடப்பாவமே! பிள்ளையோடயா உக்கார வச்சிட்டுப் போயிட்டாக?”

“பிள்ளையோடதேன்.”

மைக்கைத் துடைக்கும்போது அதன் பொத்தான் மேலே தள்ளப்பட்டிருந்தது. தொழில் தெரிந்த எவனும் செய்யாத தப்பு. மண்டபத்துக்குள் கேட்டது, வாசலில் கேட்டது, பஸ் ஸ்டாண்டில் போடி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கேட்டது. கஸ்தூரியம்மாளின் “அடப்பாவமே” தெள்ளத்தெளிவாக ஊர் பூராவும் போய்ச் சேர்ந்தது. மேடையில் பாதி போர்த்திய பொன்னாடையோடு ஒரு பிரமுகர் அப்படியே நின்றார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “அன்பர்களே, பேரவை விமர்சனத்தை எப்போதும் வரவேற்கிறது. வாசகர் வட்டத் தோழர்கள் சென்று விமர்சகரை வரவேற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

வரவேற்றார்கள். முதல் அறை அம்மாவாசியின் இடது காதில் விழுந்தது. ஒருவன் பொன்னாடையை முறுக்கிக் கழுத்தில் போட்டு இழுத்தான். இன்னொருவன் நினைவுக் கேடயத்தால் முதுகில் போட்டான். கீழே விழுந்தவன் விலாவில் மிதி விழுந்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தம் சட்டை முழுக்க நனைத்தது.

“ஏண்ணே, இவன் என்ன செஞ்சான்?” என்று மிதித்துக்கொண்டே கேட்டான் ஒருவன்.

“நாவலப் பேசிப்புட்டான்டா.”

“நாவலுன்னா யாரு, மொதலாளி சம்சாரமா?”

“தெரியல. நீ மிதி.”

இத்தனைக்கும் நடுவில் தலைவரின் குரல் கணீரென்று ஒலித்தது. “கூட்டம் அமைதியாக நடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்ததாக, அகிம்சையும் நாவலும் என்ற தலைப்பில் பொருளாளர் உரையாற்றுவார்.”

பொருளாளர் உரையாற்றினார். முத்துலட்சுமி எழுந்து ஓடிவந்து, அடிக்கிறவர்களின் காலைப் பிடித்து இழுத்தாள். புதுப் புடவை கிழிந்தது. திரும்பிப் பார்த்தபோது தலைவர் தட்டிலிருந்த கவரை எடுத்து நிதானமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பலவேசத்தின் லாரி அனுமந்தன்பட்டிக்கு வந்தது. வீங்கிய முகத்தோடு படுத்திருந்த அம்மாவாசியைத் தூக்கி உட்காரவைத்து, போடிக்குக் கொண்டுபோய், கழுத்து வலிக்கிற அளவுக்கு மாலை போட்டார்கள். பெருமன்றம் அவனுக்குக் ‘கலகக் குரல்’ விருது கொடுத்தது. பலவேசம் பேசினார்.

“தோழர்களே! அந்த நாவலை நான் படிக்கவில்லை. படித்துவிட்டு வெறுப்பது யாராலும் முடியும். படிக்காமலே வெறுக்கும் துணிவு நம் இயக்கத்துக்கு மட்டுமே உண்டு! அந்த நாவலில் ஒரு வரிகூட உருப்படி கிடையாது என்று பேரவையின் கோட்டைக்குள்ளேயே முழங்கிய இந்தச் சிங்கம் இப்போது கர்ஜிக்கும்!”

மைக்கை அவன் வாயருகே கொண்டுவந்தார்கள். அம்மாவாசிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இல்லய்யா, நான் அப்புடிச் சொல்லல. ஆரம்பம் ரொம்ப நல்லாருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு” என்றான்.

பேரவையில் கையாலும் காலாலும் கேடயத்தாலும் அடித்தார்கள். அது மரபு. பெருமன்றம் நவீனத்துவ அமைப்பு என்பதால் லாரி ஜாக்கி ராடு, டயர் கழற்றுகிற ஸ்பேனர் என்று புதிய கருவிகளைக் கையாண்டார்கள். விருதைப் பிடுங்கிக்கொண்டு, மாலையைக்கூடக் கழற்றாமல் ரோட்டில் தள்ளிவிட்டார்கள். அவனாக ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, மாலையும் ரத்தமுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

முத்துலட்சுமி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்.

“நீங்க ஏங்க படிச்சீக? பேரவையில ஒருத்தராச்சும் படிச்சாகளா? எல்லாரும் முழுசா இருக்காகல்ல.”

“தெரியாமப் படிச்சிட்டேன் லச்சுமி.”

“தலைவர் கூப்பிட்டு விட்டாக. ஞாயித்துக்கெழமை ஸ்கூல் கிரவுண்டுல கூட்டமாம். நீங்க அந்த எழுத்தாளர் கால்ல விழணுமாம். பெறகு புத்தகத்துக்கிட்ட விழணுமாம். படிச்சேன், மெய்சிலுத்தேன்னு மைக்குல சொல்லணுமாம். சொன்னா அங்கனயே ஆர்டர் குடுத்துருவாகளாம். சொல்லாட்டி ஜூன்ல நான் வரவேணாமாம்.”

அவள் விழு என்றும் சொல்லவில்லை, விழாதே என்றும் சொல்லவில்லை. அந்த ஆர்டருக்காக அவள் எத்தனை கோடை விடுமுறையில் பிறர் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்தினாள் என்று அவனுக்குத் தெரியும். அவமானமாக இருந்தது. “விழுந்துட்டு வந்துர்றேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தன் மன்னிப்புக்கு மைக் செட் கட்டியதும் அவனேதான். மேடையில் ஆசிரியருக்கு ஒரு நாற்காலி, பட்டுத்துணி விரித்துப் புத்தகத்துக்கு ஒரு நாற்காலி. எந்த நாற்காலிமுன் முதலில் விழ வேண்டும் என்பதில் செயற்குழுவுக்குள் தகராறு வந்து, துணைச் செயலாளரின் கண்ணாடி உடைந்தது. ஆசிரியர்முன் முதலில் விழலாம் என்று முடிவானபோது, கேட்டை இடித்துக்கொண்டு பலவேசத்தின் லாரி உள்ளே வந்தது.

“எங்கள் விருதாளரை விழவைக்க நீங்கள் யாரடா?” என்று பலவேசம் லாரி மேலிருந்து முழங்கினார். “அவரை அடிக்கும் உரிமை எங்களுக்கு மட்டுமே உண்டு!”

பிறகு நடந்ததைக் கைகலப்பு என்று பத்திரிகைகள் எழுதின. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. சூளையிலிருந்து செங்கல் வந்தது. விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த ‘எலும்பு வெயில்’ பிரதிகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து எறிந்தார்கள். கெட்டி அட்டையின் மூலை பட்டு ஒருவருக்குப் புருவம் பிளந்தது. இன்னொருவருக்கு விரல் ஒடிந்தது. அந்த நாவல் அத்தனை பேர் கைக்குப் போனது அன்றைக்குத்தான்.

அம்மாவாசி மேடைப் பலகைக்கு அடியில் புகுந்தான். அங்கே ஏற்கெனவே ஒருவர் பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். ஊழிச்செல்வன்.

“நீங்கதேன அந்த மைக் செட்டுக்காரர்?”

“ஆமாங்கய்யா. விழத்தேன் வந்தேன். அதுக்குள்ள இவுக வந்துட்டாக.”

“முழுசாப் படிச்சீகளா?”

“படிச்சேங்கய்யா.”

மேலே ஒரு பலகை ஒடிந்தது. ஊழிச்செல்வன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “ஒருத்தருகூடப் படிக்கலய்யா. பாராட்டுறாக பாராட்டுறாக, ஒருத்தன்கூட அந்தப் பொம்பளை என்ன ஆனாள்னு கேக்கல. அவள எழுதும்போது நல்லாத்தேன் வந்துச்சு. தலைவருதேன், ரத்தம் எப்ப வரும், ரத்தம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ரத்தம் வந்ததும் அவள மறந்தே போயிட்டேன். நீங்க சொன்னது நெசந்தேன். ஏமாத்தம்தேன்.”

அத்தனை அடிக்கும் சேர்த்து அந்த ஒரு பேச்சு அம்மாவாசிக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது. இந்த மனுசர் நல்லவர் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊழிச்செல்வன் வீறுகொண்டு வெளியே போய் மைக்கைப் பிடித்தார்.

“நிறுத்துங்கள்! அந்த வாசகர் சொன்னது சரி. நாவல் பாதியிலேயே கெட்டுப்போய்விட்டது. எழுதிய நானே சொல்கிறேன்!”

சண்டை நின்றது. நாவலை இழிவுபடுத்திவிட்டான் என்று பேரவை அவர்மேல் பாய்ந்தது. அவனே ஒத்துக்கொண்டால் இனி நாம் எதை எதிர்ப்பது என்று பெருமன்றமும் பாய்ந்தது. நடு நாற்காலித் தகராறுக்குப் பிறகு இரண்டு அமைப்பும் ஒன்றாகச் செய்த முதல் இலக்கியப் பணி அது. தன் வாசகர் வட்டத்தின் கையால் கேடயத்தால் அடி வாங்கி ஆசிரியரின் மண்டை பிளந்தது. அவரை இழுக்கப் போன அம்மாவாசியின் தாடையில் ஜாக்கி ராடு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஆசிரியருக்குத் தலையில் தையல். அம்மாவாசிக்குத் தாடை உடைந்து, வாயைத் திறக்க முடியாதபடி கட்டு. முத்துலட்சுமி ஸ்பூனில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நாலு போட்டோக்காரர்களோடும் ஆப்பிள் பையோடும் தலைவர் வந்தார். வார்டு என்றும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

“உலகம் அழிந்த பிறகு மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள் என்று இந்த நாவல் சொன்னது. ஆனால் நம் வாசகர்கள் உலகம் அழியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு படைப்பு வாழ்க்கையை இத்தனை விரைவாக மாற்றியதாக வரலாறு உண்டா? ரத்தக்கறை படிந்த அட்டையோடு இரண்டாம் பதிப்பு வருகிறது. ஆசிரியர் மேடையில் பேசியது மண்டையில் அடிபட்ட மயக்கத்தில் பேசியது.”

ஆசிரியர் பேசிய பிறகுதான் அவர் மண்டையில் அடிபட்டது என்பதை யாரும் சொல்லவில்லை.

தலைவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். போட்டோக்காரர்கள் தயாரானார்கள். “அம்மாவாசி, நீ பேச வேண்டாம். தலையை அசைத்தால் போதும். நாவல் அருமைதானே?”

முத்துலட்சுமி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவன் அந்தக் கவரைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். தலையை மேலும் கீழும் அசைத்தான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கவர் கை மாறியது. தலைவர் பரிவாரத்தோடு வாசலை நோக்கி நடந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஊழிச்செல்வன் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“நெசமாவா? நல்லாருக்கா? அன்னைக்கு மேடைக்கடியில பயத்துல ஏதோ உளறிட்டேன். உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல?”

ஆர்டர் வந்துவிட்டது. தலைவர் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். இந்த மனுசரிடமாவது உண்மையாக இருக்கலாம் என்று அம்மாவாசி நினைத்தான். அந்தக் கைப்பிள்ளைக்காரியை நினைத்துக்கொண்டு, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தான்.

“தலைவரே!” என்று வார்டு அதிர அலறினார் ஊழிச்செல்வன். “ஓடியாங்க! பொய் சொல்லிட்டான்! இப்ப இல்லேன்னு ஆட்டுறான்! அந்த ஆர்டரத் திருப்பி வாங்குங்க!”

அலறியது போதாதென்று சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடுங்கி ஓங்கி வீசினார். நாவலில் எழுபது தலையைச் சீவியவர்தான். குறி தப்பி அது அம்மாவாசியின் தோள்பட்டையில் பட்டு, எதிர்க்கட்டில்காரரின் தண்ணீர்ச் செம்பை உருட்டியது. தலைவரும் போட்டோக்காரர்களும் ஓடிவந்தார்கள். சூளைக்காரர் இருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார்கள்.

முத்துலட்சுமி கவரை முந்தானைக்குள் சொருகிக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“அய்யா, அவுக ஆட்டல. கழுத்துல அடிபட்டு நரம்பு விட்டுப்போச்சு. தலை நிக்க மாட்டேங்குது. மேலயும் ஆடும், கீழயும் ஆடும், பக்கவாட்டுலயும் ஆடும். அவுகளா ஆட்டுறது இல்ல.”

தலைவர் சந்தேகத்தோடு குனிந்தார். “நாவல் அருமையா?”

அம்மாவாசி மனைவியின் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. தலையை நாலு பக்கமும் உருட்டினான். வலி உயிர் போனது, ஆனாலும் நிறுத்தவில்லை.

தலைவர் நிமிர்ந்தார். அவர் கண் பனித்தது. “பார்த்தீர்களா? ஒரு வாசகனின் தலையை இப்படி ஆட்டுவித்த நாவல் தமிழில் உண்டா? படம் எடுங்கள்!”

இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் அந்தப் படம்தான் வந்தது. தலை ஆடியதால் முகம் தெளிவாக இல்லை.

நர்ஸ் ஒரு கழுத்துப் பட்டை மாட்டிவிட்டாள். தாடை கூடி, வீட்டுக்கு வந்து, கழுத்து என்றைக்கோ சரியான பிறகும் அம்மாவாசி அதைக் கழற்றவில்லை. முத்துலட்சுமி வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டுக் கொடுக்கிறாள். இலக்கியக் கூட்டத்துக்கு மைக் கட்டப் போனால் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறான். அதைப் போட்டிருக்கிற ஆளிடம் ஆமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் பதிப்பு வெளியீட்டு விழா வீரபாண்டியில் நடந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவாசி கூட்டத்தைப் பார்த்தான். தமிழாசிரியர்கள் வரிசையில் நாலு பேர் கழுத்தில் பட்டை இருந்தது. நூலகர் ஒன்று போட்டிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புதிதாக வாங்கி, விலை ஒட்டியதைக்கூடக் கிழிக்காமல் மாட்டியிருந்தார்கள். எல்லாரும் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அசையாமல் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அடிபட்டவர் இல்லை. நாவலைப் படித்தவர்கள்.